கயிறு மாறிய பின்னும்

வாதவூரருக்காகக் குதிரை விற்க வந்த சொக்கநாதரின் கதையைத் திருவிளையாடற் புராணம் படித்தவர்களும், படிக்காமல் பாட்டி சொல்லக் கேட்டவர்களும் அறிவர். குதிரை வாங்கக் கொடுத்த பொன் திருப்பெருந்துறைத் திருப்பணியில் செலவாகிவிட, இறைவன் காட்டு நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வருகிறார். அக்கதையில் பக்தி மிகுதியால் நாம் கவனிக்காமல் கடந்துவிடும் சடங்கு ஒன்று உண்டு. 'கயிறு மாறுதல்' என்பது அதன் பெயர். குதிரையின் கயிறு விற்பவர் கையிலிருந்து வாங்குபவர் கைக்குப் போகும். அத்தோடு விற்பனை முடிந்தது. இரவில் பரிகள் மீண்டும் நரிகளாகி ஊளையிட்டபோது, பாண்டியன் பிடித்து வதைத்தது விற்ற வணிகரை அன்று, தன் அமைச்சரை. கயிறு மாறிய கணத்தோடு வணிகருக்கும் குதிரைக்குமான தொடர்பு அறுந்துவிட்டது என்பதில் பாண்டியனுக்கும் ஐயம் இல்லை போலும்.

இன்றும் நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி, பணம் எண்ணி, கயிற்றைக் கையில் கொடுத்தால் காரியம் முடிந்தது. அந்த மாடு மறுநாள் யாரையேனும் முட்டினால், விற்றவர் வீட்டுக் கதவை எவரும் தட்டுவதில்லை. ஆனால் காரின் சாவி கயிறு அன்று. சாவியைக் கொடுத்துப் பணத்தை வாங்கி, நோட்டரி முன் ஒப்பந்தமும் எழுதிக் கையொப்பமிட்டு, வண்டியையே மறந்துவிட்ட பிறகு, சில ஆண்டுகள் கழித்து விபத்து வழக்கில் எதிர்மனுதாரராக அழைப்பாணை பெற்றவர்கள் நம் நண்பர் வட்டத்திலேயே இருவர் உண்டு. விற்ற பொருள் விற்றவரை ஏன் விடவில்லை? நோட்டரியின் சிவப்பு முத்திரை ஏன் கைகொடுக்கவில்லை? இவ்வினாக்களுக்கு விடை தேடினால் அது நம்மை ரோமாபுரி வரை இழுத்துச் செல்கிறது.

நிலம் ஓடாது. அதை விற்றால் ஆவணம் எழுதுவது எல்லா நாகரிகங்களிலும் உள்ள வழக்கம். நம் கல்வெட்டுகளில் விலையாவணங்களுக்குப் பஞ்சமே இல்லை. பானை, துணி, நெல் போன்றவற்றுக்கு ஆவணம் தேவைப்படவில்லை. கையில் இருப்பவனே உடையவன். இவ்விரண்டுக்கும் நடுவே சட்டத்துக்குத் தலைவலி தந்த மூன்றாவது வகை ஒன்று உண்டு: விலை உயர்ந்ததும், தானே நகரக்கூடியதுமான சொத்து. பண்டை ரோமானியர் இதைத் தெளிவாகக் கண்டுகொண்டனர். இத்தாலிய நிலம், அடிமைகள், ஏர் இழுக்கவும் சுமை சுமக்கவும் பழக்கப்பட்ட எருது, குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை அவர்கள் ஒரே தொகுதியில் வைத்தனர். இவற்றை வெறுமனே கைமாற்றினால் முழு உரிமை மாறாது. வயது வந்த ரோமானியக் குடிமக்கள் ஐவர் சாட்சியாக நிற்க, ஆறாமவர் ஒருவர் தராசு பிடிக்க, வாங்குபவர் பொருளைத் தொட்டு, இது என்னுடையது என்று உரிய சொற்களால் அறிவிக்க வேண்டும். தராசில் செப்புத் துண்டால் தட்டிய பிறகே உரிமை மாறும். கேயஸ் என்னும் சட்ட ஆசிரியர், யானையும் ஒட்டகமும் சுமை சுமந்தாலும் காட்டு விலங்குகளை ஒத்தவையாதலின் இவ்வகையில் சேரா என்று தனியே குறிப்பிடுகிறார். யானை வாங்கச் சாட்சி வேண்டாம், கழுதை வாங்க ஐந்து பேர் வேண்டும் என்பது நமக்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. எனினும் கழுதைதான் அன்றாட வாகனம். களவு போவதும் அதுவே.

அடிமையும் கழுதையும் ஒரே பட்டியலில் இருப்பது மனத்தை உறுத்துகிறது. நம் பக்கமும் அந்தக் கறை இல்லாமல் இல்லை. பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட பகுதி, பக்தியை நீக்கிப் பார்த்தால், ஆளோலை பற்றிய ஒரு வழக்கு. கிழவர் காட்டிய ஓலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் உள்ளது என்கிறார் கிழவர். திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூலவோலை வாசிக்கப்படுகிறது. சாட்சிகளின் எழுத்து சரிபார்க்கப்படுகிறது. பாட்டனார் கைச்சாத்து, காப்பில் இருந்த அவருடைய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கப்படுகிறது. சேக்கிழார் ஒரு பதிவு அலுவலகத்தின் நடைமுறையையே 12-ஆம் நூற்றாண்டில் நம் கண்முன் நிறுத்திவிடுகிறார். நடந்து ஓடிவிடக்கூடிய 'சொத்து' என்பதால்தான் மனிதனுக்கும் ஓலை தேவைப்பட்டது என்பதை இங்கே கசப்போடு குறித்துக்கொண்டு மேலே செல்வோம்.

ரோமானியச் சடங்கு நாளடைவில் வழக்கொழிந்து, 6-ஆம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் காலத்தில் சட்டத்திலிருந்தும் நீக்கப்பட்டது. ஆனால் களவு ஒழியவில்லை. இங்கிலாந்தில் திறந்த சந்தையில் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கு, பொருள் திருட்டுப் பொருளாயினும், உரிமை உண்டு என்றொரு பழைய விதி இருந்தது (1994-இல்தான் அது நீக்கப்பட்டது என்பது வியப்பு). இவ்விதி குதிரைத் திருடர்களுக்குப் பெரும் வரமாயிற்று. எனவே 1555-இல் ஒரு சட்டம் வந்தது. விற்பனைக்கு வந்த குதிரை, காலை பத்து மணிக்கும் பொழுது சாய்வதற்கும் இடையே, குறைந்தது ஒரு மணி நேரமாவது சந்தையில் எல்லோரும் காண நிற்க வேண்டும். சுங்கம் வாங்குபவர் தம் ஏட்டில் விற்பனையைப் பதிய வேண்டும். அதுவும் போதாமல் 1589-இல் எலிசபெத் அரசியார் காலச் சட்டம் இன்னொன்றைச் சேர்த்தது. விற்பவர் சுங்கக்காரருக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். இல்லையேல், அவரை அறிந்த நம்பகமான ஒருவர் உடன்வந்து, இவர் இன்னார் என உறுதி சொல்ல வேண்டும். விற்றவர் பெயர், உறுதி சொன்னவர் பெயர், விலை எல்லாம் ஏட்டில் ஏறும். குதிரையின் நிறமும் அடையாளக் குறியும் அங்கே பதிந்தன. இன்று வண்டியின் சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் பதியும் கட்டங்களுக்கு இவைதாம் மூதாதையர். 'இவர் இன்னார்தாம், என் முன் ஒப்பமிட்டார்' என்று முத்திரையிடும் நோட்டரியின் வேலையை அன்று செய்தவர், குதிரைச் சந்தைக்கு உடன்வந்த அந்தத் தெரிந்த மனிதர்.

மோட்டார் வண்டி வந்தபோது இந்தப் பழைய அறிவு இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. நம் கதைக்கு இப்பிரிவே உயிர்நாடி.

பிரிட்டன் 1903-இல் மோட்டார் கார் சட்டம் இயற்றி, 1904 ஜனவரி முதல் நாளிலிருந்து எண் பலகையைக் கட்டாயமாக்கியது. (ஏ 1 என்ற எண்ணுக்காக இரவெல்லாம் வரிசையில் நின்றவர் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணன் என்று சொல்வதுண்டு.) அந்தச் சட்டத்தின் கவலை களவு அன்று, வேகம். மணிக்கு இருபது மைலுக்கு மேல் புழுதி கிளப்பிப் பறந்த சீமான்களை யாரென்று காவலர் அறிய வேண்டியிருந்தது. ஆகவே அந்தப் பதிவேடு, 'இந்த வண்டிக்கு யார் பதில் சொல்வார்?' என்ற கேள்விக்கு விடை தருவதற்காகப் பிறந்தது. 'இது யாருடையது?' என்று அது கேட்கவே இல்லை. இன்றும் பிரிட்டனின் பதிவுச் சான்றிதழ், தான் உரிமைக்குச் சான்று அன்று என்று தன்மேலேயே அச்சிட்டுக்கொண்டிருக்கிறது.

அமெரிக்கா வேறு வழி சென்றது. ஒரு மாநிலத்தில் திருடிய காரை எல்லை தாண்டி ஓட்டிச் சென்றுவிட்டால் பிடிக்க ஆளில்லை என்ற நிலையில், 1919-இல் மிசௌரி மாநிலத்து உறுப்பினர் டயர் கொண்டுவந்த கூட்டாட்சிச் சட்டம், களவு வண்டியை மாநில எல்லை கடத்துவதைக் குற்றமாக்கியது. 1920-களில் மாநிலங்கள் ஒவ்வொன்றாக, நிலத்துக்குரிய 'டைட்டில்' என்ற சொல்லையே எடுத்துக் காருக்குச் சூட்டி, உரிமைப் பத்திரம் வழங்கத் தொடங்கின. எல்லாம் ஒரே நாளில் நடக்கவில்லை. நியூயார்க் 1973-ஆம் ஆண்டு மாடல் தொடங்கித்தான் டைட்டில் தருகிறது. ஒஹாயோவில் 1938-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, டைட்டில் வழங்குவது மோட்டார் வாகனத் துறைகூட அன்று. கவுண்டி நீதிமன்ற எழுத்தரின் அலுவலகம். கார் அங்கே ஏறக்குறைய நிலமாகிவிட்டது எனலாம். டைட்டிலின் பின்பக்கத்தில் வாங்குபவர் பெயர், விலை, ஓடிய மைல் கணக்கு ஆகியவற்றை நிரப்பி விற்பவர் ஒப்பமிட வேண்டும். ஒஹாயோ, பென்சில்வேனியா, கென்டக்கி, வட கரோலைனா போன்ற மாநிலங்களில் அந்த ஒப்பம் நோட்டரி முன்னிலையில் விழ வேண்டும். பென்சில்வேனியாவின் ஊர்களில் நோட்டரி முத்திரையும் எண் பலகையும் ஒரே கடையில் கிடைப்பது இதனால்தான். வாங்குபவர் பெயரை நிரப்பாமல் ஒப்பமிட்டுக் கொடுப்பதை 'ஓப்பன் டைட்டில்' என்று அங்கே அஞ்சுகிறார்கள். நோட்டரி அங்கே இருப்பதே அந்த வெற்றிடத்தை அனுமதிக்காமல் இருக்கத்தான்.

நிற்க. நாம் எந்தக் கிளையைச் சேர்ந்தவர்கள்? ஐயமே வேண்டாம், ஆண்டவர்களின் கிளை. 1914-இல் இந்தியா முழுமைக்குமான முதல் மோட்டார் வாகனச் சட்டம், பின் 1939, பின் 1989 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டம் என மூன்று தலைமுறை மாறியும் பதிவேட்டின் பிறவிக்குணம் மாறவில்லை. வண்டி அசையும் பொருள். அதன் உரிமை 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டப்படி, விற்பவரும் வாங்குபவரும் கருதிய கணத்திலேயே மாறிவிடுகிறது. பதிவில் பெயர் மாறுவது அதற்கு முன்நிபந்தனை அன்று என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. ஆக, உரிமை மாறும் வரையில் நம் சட்டமும் கயிறு மாறும் சட்டமே. ஆனால் அதே 1988 சட்டத்தின் பிரிவு 2(30), யார் பெயரில் வண்டி பதிவாகி நிற்கிறதோ அவரே 'உரிமையாளர்' என்கிறது (தவணைக் கடன், குத்தகை போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு). ஒரே வண்டிக்கு இரண்டு உடையவர்கள்: பொருளுக்கு உடையவர் ஒருவர், பொறுப்புக்கு உடையவர் ஒருவர். இந்தப் பிளவில்தான் நம் மக்கள் விழுகிறார்கள்.

விழாமலிருக்க ஒரு பாலத்தையும் சட்டம் போட்டிருக்கிறது. பிரிவு 50-இன்படி, விற்றவர் பதினான்கு நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவர் முப்பது நாட்களுக்குள். இவை படிவம் 29, படிவம் 30 என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலில் எல்லோர் வாயிலும் புழங்குபவை. படிவம் 29 விற்றவரின் கடமை மட்டுமன்று, அவருக்கு இருக்கும் ஒரே கவசமும் அதுவே. அந்தக் கவசத்தைத்தான் நாம் வெற்றுப் படிவத்தில் கையொப்பமாக இட்டுத் தரகரிடம் கொடுத்துவிடுகிறோம். 'சைன் மட்டும் போட்டுக் கொடுங்க சார், மத்ததை நாங்க பாத்துக்கறோம்' என்ற சொற்றொடர் தமிழகத்தில் எத்தனை ஆயிரம் முறை சொல்லப்பட்டிருக்கும்! தேதியும் வாங்குபவர் பெயரும் இல்லாத அத்தாளோடு வண்டி மூன்று நான்கு கைகள் மாறும். ஒவ்வொரு கையும் பெயர் மாற்றக் கட்டணத்தை மிச்சப்படுத்தும். பதிவேட்டில் முதலாமவர் மட்டும் அசையாமல் நிற்பார்.

இங்கேதான் நோட்டரி வருகிறார். இவர் வந்த வழியும் சுவையானது. ரோமானியச் சந்தைத் திடலில் அமர்ந்து பிறருக்கு ஆவணம் எழுதித் தந்த 'தபெல்லியோ' என்பவரே இவருடைய மூதாதை. நம் பத்திர எழுத்தர்களும், மரத்தடியில் தட்டச்சுப் பொறியோடு அமர்ந்திருந்தவர்களும் அந்த வகையில் அவருடைய உறவினரே. இடைக்கால ஐரோப்பாவில் நோட்டரியை நியமிக்கும் அதிகாரம் போப்பாண்டவரிடம் இருந்தது. எட்டாம் ஹென்றி 1533-இல் ரோமோடு முறித்துக்கொண்டபோது, இங்கிலாந்தில் அது கேன்டர்பரி பேராயரிடம் சென்றது. அந்தத் தொடர்ச்சியால், பிரிட்டிஷ் இந்தியாவின் நோட்டரிகளும் பேராயர் அலுவலகத்தின் நியமனம் பெற்றவர்களாகவே இருந்தனர். உண்டியல்களையும் மாற்றுச்சீட்டுகளையும் பொறுத்தமட்டில், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் பிரிவு 138-இன்கீழ் இந்திய அரசும் நியமிக்கலாம் என்று பின்னர் ஏற்பாடாயிற்று. ஆம், இன்று காசோலை திரும்பியவர்களின் கனவில் வரும் அதே 138-தான்! 1952-இல் நோட்டரிகள் சட்டம் வந்ததும் பழைய 138 நீங்கியது; காலியான அந்த எண்ணில் 1988-இல் காசோலைக் குற்றம் குடியேறியது. இலங்கைத் தமிழில் இவரை 'நொத்தாரிசு' என்பர். டச்சுச் சொல்லின் ஒலி அதில் இன்னும் கேட்கிறது. அங்கே 1840-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நில விற்பனையே நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடுதான் நிறைவேற வேண்டும். நம்மிடம் நிலத்துக்குச் சார்பதிவாளர் இருப்பதால் நோட்டரிக்கு அந்தப் பெரிய வேலை இல்லை. பத்தாண்டு வழக்கறிஞர் அனுபவம் (பெண்களுக்கும் சில பிரிவினருக்கும் ஏழாண்டு), ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்ட முத்திரை, ஒரு பதிவேடு. பிரமாணப் பத்திரங்களும் நகல் சான்றுகளுமே அவருடைய அன்றாடம்.

வாகன அலுவலகத்தில் அவருடைய முத்திரைக்கு உண்மையான பயன் இல்லாமல் இல்லை. உரிமையாளர் இறந்துவிட்டால் படிவம் 31-ஓடு, மற்ற வாரிசுகள் தமக்கு மறுப்பில்லை என்று சொல்லும் பிரமாணப் பத்திரம் வேண்டியிருக்கும். பழைய கையொப்பமும் புதிய கையொப்பமும் ஒத்துவராதபோதும் பிரமாணப் பத்திரம் எழுதுவார்கள். இவை இடைவெளியை நிரப்பும் வேலைகள். ஆனால் விற்பனை ஒப்பந்தத்தை முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி முன் ஒப்பமிட்டு, 'இத்தேதி இந்நேரம் முதல் வண்டியால் விளையும் எதற்கும் வாங்கியவரே பொறுப்பு' என்று ஒரு வரியும் சேர்த்து, அதையே பெயர் மாற்றமாகக் கருதி வீட்டுப் பெட்டியில் பூட்டி வைப்பதுதான் நம் நாட்டுத் துயரம். ஒஹாயோவில் நோட்டரியின் முத்திரை பதிவேட்டுக்குள் போகும் தாளிலேயே விழுகிறது. இங்கே அது பதிவேட்டை ஒருபோதும் சென்றடையாத தாளில் விழுகிறது. அதே மை, அதே வட்டம். விழுந்த இடம் வேறு.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கு இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. 2007-இல் ஒருவர் தம் காரை விற்கிறார். வாங்கியவர் வேறொருவருக்கு, அவர் இன்னொருவருக்கு எனக் கை மாறிப் போகிறது வண்டி. பதிவில் பெயர் மாறவில்லை. 2009 மே மாதம் அந்தக் கார் மோதி ஒருவர் இறக்கிறார். ஒரு பெண் காயமடைகிறார். இழப்பீட்டை யார் தருவது? வண்டியைக் கடைசியாக வைத்திருந்தவரே தர வேண்டும் என்றது உயர் நீதிமன்றம். இல்லை, பதிவில் பெயர் உள்ளவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்றது உச்ச நீதிமன்றம். அடிபட்டவரோ அவருடைய வாரிசுகளோ, பதியப்படாத விற்பனைகளின் சங்கிலியைத் துப்பறிந்து செல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது அதன் காரணம்.

முதலில் படிக்கும்போது இத்தீர்ப்பு கொடுமையாகவே படுகிறது. விற்று இரண்டாண்டு ஆனவர் என்ன பாவம் செய்தார்? ஆனால் சாலையோரம் கிடந்தவரின் பக்கமிருந்து பார்த்தால் வேறு வழி தெரியவில்லை. அவர் கண்ணில் பட்டது ஓர் எண் பலகை. அந்த எண் காட்டும் பெயர் ஒன்றே அவருக்குக் கிடைத்த முகவரி. நான்கு நோட்டரிகளின் பதிவேடுகள் எந்தெந்தத் தெருவில் இருக்கின்றன என்று அவர் எங்கே போய்த் தேடுவார்? 1903-இல் இங்கிலாந்துக் காவலர் கேட்ட அதே கேள்வியைத்தான் இந்தப் பதிவேடு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. அன்று வேகத்துக்குப் பதில் சொல்ல ஆள் தேடியது. இன்று உயிருக்குப் பதில் சொல்ல. நம் மனம் தீர்ப்பின் பக்கமே சாய்கிறது. குறை சொல்வதானால், இத்தனை ஆண்டுகள் விற்பவரைத் தரகரின் வாய்ச்சொல்லில் விட்டுவைத்த நடைமுறையைச் சொல்லலாம்.

அரசு அதை அறியாமல் இல்லை. 2022-இல் பெயர் மாற்றம் உள்ளிட்ட 58 சேவைகளை ஆதார் சரிபார்ப்பின் வழி இணையத்திலேயே பெறலாம் என்று அறிவிப்பு வந்தது. சந்தைக்கு உடன்வந்த தெரிந்த மனிதரின் இடத்தில் இப்போது கைபேசிக்கு வரும் எண்கள். அதே ஆண்டு டிசம்பரில் வெளியாகி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், பழைய வண்டி வணிகர்களைக் குறிவைத்தவை. அங்கீகாரம் பெற்ற வணிகரிடம் வண்டியை ஒப்படைத்து, அதை இணையவழிப் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துவிட்டால், அந்த நாள் முதல் வணிகரே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியை அவர் எங்கே ஓட்டினார் என்பதற்கும் மின்னணுப் பயணப் பதிவேடு வைக்க வேண்டும். விற்றவருக்கும் வாங்கப்போகும் முகமறியாதவருக்கும் இடையே அந்தரத்தில் தொங்கிய நாட்களுக்கு இப்போது ஒரு பெயர் கிடைத்திருக்கிறது.

அங்கீகாரம் பெறாத தரகருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கும், மைத்துனரின் நண்பருக்கும் விற்கும்போது பழைய 29-உம் 30-உம்தாம். நோட்டரி முன் எழுதிய ஒப்பந்தத்தைக் கிழித்துப்போட வேண்டியதில்லை. இழப்பீட்டைக் கட்டிவிட்டு, வாங்கியவர்மேல் தனி வழக்குப் போட்டு அத்தொகையைத் திரும்பக் கேட்கும்போது, விற்பனை இன்ன நாளில் நடந்தது என்பதற்கு அது சான்றாக நிற்கும். அதற்கு வாங்கியவர் இருக்குமிடம் தெரிந்திருக்க வேண்டும்.